இவளுக்கும்

எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஒன்று என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ரேஷன் கார்டு எழுத வந்தவரிடம் அப்படிச் சொன்னேன். மக்கள்தொகை எடுக்க வந்த வாத்தியாரிடமும் அப்படித்தான். அவர்களிடம் சொன்னதால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. டாக்டர்களிடமும் அதையே சொன்னேன். அந்தப் பாவத்தை எழுதிவைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மரவள்ளியும் கொஞ்சம் கரும்பும் உண்டு. நான் கட்டியது என் அக்கா மகளை. எங்கள் பக்கத்தில் அது முறைதான். அக்காவுக்குப் பெண் பிறந்தால், தம்பிக்கு ஆச்சு என்று தொட்டிலிலேயே சொல்லிவிடுவார்கள். அதனால் என் மனைவிக்கு நான் கல்யாணத்துக்கு முன்னாலும் மாமா, பின்னாலும் மாமா. கூடப் பிறந்த அக்காவே எனக்கு மாமியாரும் ஆனாள். அவள் புருஷன் காலமான பிறகு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

முதலில் பிறந்தது ஆண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். ஏழாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது. விழுந்த இடத்தில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் காலையில் துணி நனைந்திருந்தது. கசிவுதான், பீறிட்டு அடிக்கவில்லை. ஒரு துணி மாற்றினால் அரை மணியில் அடுத்த துணி. அக்கா மஞ்சள் வைத்துக் கட்டினாள். நான் விபூதி வைத்து, மலைமேல் இருக்கும் எங்கள் குலதெய்வத்தை நினைத்துக் கும்பிட்டேன். சின்னசேலத்துக்குத் தூக்கிப் போகலாம் என்று கிளம்பும்போது ஒன்பதாம் நாள் விடிந்திருந்தது. பாதி வழியிலேயே திரும்பி வந்துவிட்டோம்.

எங்கள் வழக்கத்தில் பதினாறாம் நாள்தான் பேர் வைப்போம். அதனால் அந்தப் பிள்ளைக்குப் பேர் இல்லை. வாய்க்கால் ஓரம் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வந்து குளித்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“பேரு வெக்காத புள்ளய எண்ணக் கூடாதுடா. எண்ணினா அது அடுத்ததக் கூப்ட்டுக்கும். அவளாண்டயும் சொல்லிடு.”

மனைவியிடம் சொன்னேன். அவள் பால் கட்டி, மாரில் துணி சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

எனக்கு அந்த விதி சௌகரியமாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். கல்யாணமான முதல் ஆடியில் கல்வராயன் மலைக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்துக் கடமை. அந்த ஆடியில் மழை பிடித்துக்கொண்டது, மலைப்பாதை வழுக்கும் என்று எல்லோரிடமும் சொன்னேன். மழை பெய்தது உண்மைதான். ஆனால் நான் போகாததற்குக் காரணம், கரும்புக்கு மண் அணைக்க அந்த வாரம்தான் ஆள் கிடைத்தது. பிள்ளை போனதும் எனக்கு வந்த முதல் நினைப்பு அதுதான். சாமி குத்தம், என் குத்தம். பேசினால் அந்தப் பேச்சு ஆடி மாசத்தில் போய் முட்டும். எண்ணக் கூடாது என்று அக்கா சொன்னதும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறிப் போய்ப் பொங்கல் வைத்தேன். மலைக்காரப் பூசாரி, என்ன வேண்டுதல் என்று கேட்டார். சும்மா கும்பிட வந்தேன் என்றேன். சாமிக்குத் தெரியாததா என்று மனசுக்குள் ஒரு சமாதானம். சாமியிடமே சொல்லாதவன் டாக்டரிடம் எங்கே சொல்லப்போகிறேன்.

இரண்டு வருஷம் கழித்து மகள் பிறந்தாள். அவளுக்குக் கொடி விழுந்த மறுநாள் கொல்லைப்பக்கம் கல்லின் மேல் துணி ஒன்று காய்வதைப் பார்த்தேன். துவைத்தும் போகாத கறை, கைப்பிடி அளவு. பார்த்தேன், கேட்கவில்லை. அக்காவும் என் மனைவியும் ஒன்றரை நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு அக்கா வந்து அடுப்பு மூட்டினாள். பிழைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. விழுந்த கொடியைக் காயவைத்து, கள்ளக்குறிச்சியில் பத்தரிடம் ஒரு வெள்ளித் தாயத்து செய்து, அதற்குள் அடைத்து, பிள்ளையின் அரைஞாணில் கட்டினோம். பதினாறாம் நாள் பேர் வைத்தோம். அன்றைக்கு என்னைப் போலச் சந்தோஷப்பட்டவன் ஊரில் இருந்திருக்க மாட்டான். அவள் கணக்கில் வந்துவிட்டாள் அல்லவா.

மூன்று வயதில் கட்டிலிலிருந்து விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். எங்கள் ஊர் டாக்டர் பஞ்சு வைத்து அழுத்தினார், நின்றுவிட்டது. அவர் சிரித்து அனுப்பினார். மறுநாள் காலையில் வாய் நிறைய ரத்தத்தோடு எழுந்தாள். திரும்பத் தூக்கிக்கொண்டு போனோம். அப்புறம் எது நடந்தாலும் இதே கதைதான். முள் கிழித்தாலும், பல் ஆடினாலும், அன்றைக்கு நிற்கும், மறுநாள் வரும். முழங்கை நீலமாகி வீங்கும். அங்கே இருந்த கம்பவுண்டர் ஒருநாள் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார்.

“உன் பொண்ணு ரத்தத்துக்குச் சோம்பேறித்தனம் ஜாஸ்திப்பா. ஒரு நாள் லீவு போட்டுட்டுத்தான் வேலைக்கு வருது.”

நானும் சிரித்தேன். அதற்குள் இருந்த விஷயம் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், இதற்கு மூத்தது உண்டா என்று. இல்லீங்க, இதுதான் முதல் என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி வாயைத் திறந்தாள். நான் கையிலிருந்த பாட்டிலை அவளிடம் நீட்டி, போய்த் தண்ணி பிடித்துக்கொண்டு வா என்றேன். அவள் போனாள். திரும்பி வருவதற்குள் அந்தக் கேள்வி தாண்டிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அவளைத் தண்ணீருக்கு அனுப்பிவிடுவேன்.

சேலத்துக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். எவ்வளவு நேரத்தில் ரத்தம் நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் உறைகிறது, அணுக்கள் எத்தனை என்று தாள் தாளாகக் கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் நார்மல். ரத்த வியாதி ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும், பெண்ணுக்கு வராது, பயப்படாதீர்கள் என்று காத்திருந்தவர்களில் ஒருவர் ஆறுதல் சொன்னார். நார்மல் என்று பார்த்ததும் குலதெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஐந்து வயதில், மாட்டுக் கொட்டாய்க்குள் குனிந்து போனவள் நிமிரும்போது கட்டையில் தலை இடித்துக்கொண்டாள். சின்ன இடிதான். அழக்கூட இல்லை. மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்தாள். டீச்சர் ஆள் அனுப்பினார். நான் போய்த் தூக்கும்போது அவள் வலதுகை என் தோளைப் பிடிக்கவில்லை, தொங்கியது. புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார்கள். ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றினார்கள். பத்தொன்பது நாள் இருந்தோம். உயிர் தப்பியது. வலதுகைக்கு மட்டும் பழைய வலு வரவில்லை, விரல்களும் முழுசாக மடங்கவில்லை.

அங்கேயும் ஒரு டாக்டர் பொறுமையாக உட்கார்ந்து, குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, வேறு பிள்ளை இறந்திருக்கிறதா என்று கேட்டார். தெளிவாகத்தான் கேட்டார். நான் தெளிவாக இல்லை என்றேன். என் மனைவி அப்போது குழாயடியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்குக் கேட்டால் நான் பொய்க்காரன் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. கட்டிலில் பிள்ளை கண் மூடிக் கிடக்கிறது. நான் அந்த முதல் பிள்ளையை வாய்விட்டு எண்ணினால், அந்த நிமிஷமே அது இவளைக் கூப்பிட்டுக்கொள்ளும் என்று நிஜமாகவே நடுங்கினேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிய வாய்தான் அவள் கையை எடுத்துக்கொண்டது.

ரத்தத்துக்கு என்று தனியாக டாக்டர் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. அதைச் சொன்னவர் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரத்தம் பரிசோதிக்கும் சின்ன லேப் வைத்திருந்தவர். என் வயசு இருக்கும், வாய்க்கொழுப்பு உள்ள மனுஷன். மகளிடம் ரத்தம் எடுத்துவிட்டு என் பையில் இருந்த தாள்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார்.

“இன்னாய்யா இது, அழுக்குத் துணி மூட்டை மாதிரி ஊர் ஊரா ரிப்போர்ட்டத் தூக்கிக்கினு அலையற? எல்லாத்துலயும் ஒரே டெஸ்ட்டுதான் எடுத்திருக்காங்க.”

எல்லாம் நார்மல் என்றுதானே போட்டிருக்கிறது என்றேன்.

“நார்மல்னா வியாதி இல்லன்னா அர்த்தம்? இந்த டெஸ்ட்டுல வியாதி மாட்டலன்னு அர்த்தம். ஊசி குத்துன எடம் இன்னிக்கு இன்னா ஆவுது, நாளிக்கு இன்னா ஆவுது, எனக்கு வந்து காட்டு.”

மறுநாள் காட்டினோம். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு நனைந்து, சுற்றிலும் நீலம் கட்டியிருந்தது. அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் பெரிய எழுத்தில் ‘ஹெமட்டாலஜி’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் போய் இந்த வார்த்தையைச் சொல்லு, வேறு டாக்டரிடம் அனுப்பினால் போகாதே, இந்த டாக்டர்தான் வேண்டும் என்று நில்லு என்றார். ரத்தம் எடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

தியாகதுருகம், மணலூர்பேட்டை, திருவண்ணாமலை என்று பஸ் போயிற்று. அந்த வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மேத்தாலஜி, எமத்தாலஜி என்று என்னென்னவோ வந்தது. எமன் பேர் வருகிற மாதிரி இருந்ததால் அதை மட்டும் விட்டுவிட்டேன். பெண்ணையாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், “ஹெமட்டாலஜிப்பா.” அதற்கு மேல் அவளே எனக்குப் பாடம் நடத்தினாள். திருவண்ணாமலையில் மலை தெரிந்ததும் மூன்று பேரும் கும்பிட்டோம். அவள் இடதுகையால் வலதுகையைத் தூக்கிச் சேர்த்துக் கும்பிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வேலூரில் இரண்டு நாள் காத்திருந்து அந்த டாக்டரம்மாவைப் பார்த்தோம். நரைத்த முடி, காட்டன் புடவை, மெதுவான பேச்சு. என் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். கல்யாணம் சொந்தத்திலா என்று கேட்டார். அக்கா மகள் என்றேன். தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பிறகு எத்தனை குழந்தைகள் என்றார்.

ஒண்ணுதாங்க என்றேன். என் கை தானாகப் பாட்டிலைத் தேடியது. “போயி தண்ணி புடிச்சிக்கினு வா” என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது.

டாக்டரம்மா அதைக் கவனிக்கவில்லை. மகளைப் படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். சட்டையை ஒதுக்கும்போது அரைஞாணில் இருந்த தாயத்து விரலில் பட்டது. அதை அவிழ்க்கச் சொல்வார் என்று பயந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்குள்ள என்னம்மா இருக்கு?”

“தொப்புள்கொடிங்க” என்றாள் என் மனைவி.

“இது விழுந்தப்போ ரத்தம் ஏதாவது வந்துச்சா?”

இத்தனை ஊரில் இத்தனை பேர் கேட்டதில் யாரும் கேட்காத கேள்வி அது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“இவளுக்கும் வந்துச்சுங்க.”

டாக்டரம்மா தாயத்திலிருந்து கையை எடுத்தார். நிமிர்ந்து என் மனைவியைப் பார்த்தார்.

“இவளுக்கும்னா? வேற யாருக்கு வந்துச்சு?”

அந்த அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மகள் படுத்தபடியே எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மனைவி இந்த முறையும் எனக்காகக் காத்திருந்தாள். சொல்ல வேண்டியது நான்தான் என்பது போலக் காத்திருந்தாள். நான் மேஜை ஓரத்தில் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். அவளே சொல்லிவிட்டாள்.

“இவளுக்கு மூத்தது ஒண்ணு இருந்துச்சுங்க. கொடி வுழுந்த மறாநாளு ரத்தம் வந்துச்சு. ஒம்பதாம் நாளு போயிடுச்சு.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டவில்லை. எழுதியிருந்த ‘1’ என்பதை அடித்துவிட்டு ‘2’ என்று போட்டார். நான் என் மகளின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஒரு குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து உறையவைத்து, அந்தக் கட்டியை ஏதோ மருந்துத் தண்ணீரில் போட்டுவைத்தார்கள். மற்றவர்கள் ரத்தம் என்றால் கட்டி அப்படியே இருக்குமாம். மறுநாள் எங்களைக் கூப்பிட்டு இரண்டு குழாய்களைக் காட்டினார்கள். ஒன்றில் கட்டி இருந்தது. அது வேறு யாருடையதோ. இன்னொன்றில் கட்டியே இல்லை, கலங்கல் தண்ணீர் மட்டும். அதுதான் என் மகளுடையது.

டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னார். “செங்கல் அடுக்கி ஒரு சுவர் எழுப்பறாங்க. நடுவுல சிமெண்ட் வெக்கல. பாத்தா சுவர்தான், அன்னைக்கு நிக்கும். மறுநாள் சரிஞ்சிடும். உங்க பொண்ணு ரத்தம் உறையுது, ஆனா அந்த சிமெண்ட் இல்ல. அதனாலதான் எல்லா டெஸ்ட்டும் நார்மல்.” ரொம்ப அபூர்வமான குறை என்றும், அம்மா பக்கம் பாதி அப்பா பக்கம் பாதியாக இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வரும் என்றும், அதனால் பெண்ணுக்கும் வரும் என்றும் சொன்னார். மாசம் ஒரு தடவை பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்தை ஏற்றிக்கொண்டால் போதும், அந்தச் சிமெண்ட் மெதுவாகத்தான் கரையும், அவள் எல்லாப் பிள்ளைகள் மாதிரியும் இருக்கலாம் என்றார். புதுச்சேரியில் அன்றைக்குப் பிளாஸ்மா ஏற்றியதால்தான் உயிர் பிழைத்தாள் என்றும் சொன்னார்.

எனக்கு ஒன்று கேட்டுத் தீர வேண்டியிருந்தது. மகளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து கேட்டேன்.

“மொதல்லயே அந்தப் புள்ளயப் பத்திச் சொல்லியிருந்தா, இந்தக் கை…”

அவர் பேனாவை மூடிவைத்தார். பிறகு, “பெரிய ஆஸ்பத்திரியில இறந்த குழந்தை உண்டான்னு கேக்கறதே அதுக்குத்தாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். இல்லை, உங்கள் தப்பு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது அவருடைய நேர்மை என்று பிறகு புரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். மகள் பன் தின்றுகொண்டிருந்தாள். நான் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக் குடித்தாள்.

“நான் தண்ணி புடிக்கப் போனது பதினோரு வாட்டி மாமா” என்றாள். “எண்ணிக்கினேதான் இருந்தேன். எண்ணக் கூடாதுன்னு நீங்க சொன்னது புள்ளயத்தான. இத எண்ணலாம்ல.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ‘இவளுக்கும்’ என்று அவள் தெரிந்தே சொன்னாளா, வாய் தவறி வந்ததா என்று இன்றைக்கு வரை நான் கேட்டதில்லை. பாட்டில் நிறைந்திருந்தது மட்டும் எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாள் கொடுத்திருந்தார். அதில் குடும்பத்தை வரைந்துகொண்டு வர வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்துபோனவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு. என் அம்மா அப்பா வரைக்கும் போட வேண்டும், பேர் வைக்காததையும் விட்டுவிடக் கூடாது என்று கடைசி வார்த்தையை அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, வாசலில் வெளிச்சத்தில் தாளை விரித்தேன். அக்கா எதிரில் உட்கார்ந்து எங்கள் பக்கம் மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். என் மகள் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தாள். அவளுக்கு ஒரு வட்டம் போட்டேன். அதற்கு இடதுபக்கம் ஒரு சதுரம் போட்டேன்.

“இந்தப் பொட்டி யாருப்பா?”

உன் அண்ணன் என்றேன். அக்காவின் கை நின்றது.

“எனக்கு அண்ணன் இருந்துச்சா?”

இருந்தது என்றேன். ஒன்பது நாள் இருந்தது என்று சொல்லி, அந்தச் சதுரத்தின் மேல் கோடு கிழிக்கப் போனேன். மகள் அந்தச் சதுரத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என் தலையில் கோடு போடாதே, அண்ணனுக்கு மட்டும் போடு என்றாள். அக்கா முறத்தைத் தள்ளி வைத்தாள்.

“வேணாண்டா. எண்ணாத. நான் சொல்லலயா உனக்கு.”

அக்கா, எண்ணாததால்தான் இவள் கை போச்சு என்றேன். அதற்கு முன் நான் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. சின்ன வயசில் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மணிலாத் தோலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். நான் அப்பாவுக்கு ஒரு சதுரமும் அம்மாவுக்கு ஒரு வட்டமும் போட்டுவிட்டு, அடுத்து அக்காவுக்கு வட்டம் போட்டேன். அவளுக்குக் கீழே என் மனைவியை மட்டும் போட்டு, கோட்டை முடிக்கப் போனேன்.

“எனக்கும் ஒண்ணு அப்டித்தாண்டா போச்சு” என்றாள்.

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் நிறுத்திவிடுவாள் என்று தோன்றியது.

“உன் பொண்டாட்டிக்கு முன்ன. கொடி வுழுந்தப்பறம். அம்மாவுக்கும் ரெண்டு, ஆம்பளப் புள்ளைங்க. உனக்குத் தெரியாது, நீ அப்ப பொறக்கல. அம்மாதான் எண்ணாதன்னு எனக்குச் சொன்னா.”

அவள் புருஷன் எங்கள் அத்தை மகன். என் அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். தாளில் கோடுகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தன. நான் அம்மாவுக்குக் கீழே இரண்டு சதுரமும் அக்காவுக்குக் கீழே ஒரு சதுரமும் போட்டு, மேலே கோடு கிழித்தேன். என் ஆடி மாசப் பொங்கலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அது ஆறுதலாக இல்லை. சாமி மேல் பழியைப் போட்டுக்கொண்டு அதன் நிழலில் நான் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறேன். சாமி என்னமோ தாயத்தின் உள்ளே உட்கார்ந்துகொண்டு, யாராவது திருப்பிப் பார்ப்பார்களா என்று ஆறு வருஷம் காத்திருந்தது.

அக்கா எழுந்து வந்து தாளைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது.

“எனக்குக் கீழ போட்டியே, அது இன்னா?”

ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம், இது உனக்குப் போன பிள்ளை என்றேன்.

“அது பொட்டப்புள்ளடா. வட்டம் போடு.”

முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லாதவள், அந்த ஒன்றை மட்டும் தப்பாக விட மனசில்லாமல் நின்றாள். நான் ரப்பர் எடுத்து அழித்தேன். மகள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் புதுசாக இடதுகையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். மடங்காத வலதுகையைத் தாளின் மேல் வைத்து நகராமல் அழுத்திக்கொண்டு, நாக்கைத் துருத்திக்கொண்டு, இடதுகையால் வட்டம் போட்டாள். அது சரியாகச் சேரவில்லை. மேல்பக்கம் கொஞ்சம் திறந்தே இருந்தது. போதும் என்றாள் அக்கா.

அடுத்த மாசம் மருந்து ஏற்ற வேலூருக்குப் போனபோது அந்தத் தாளைக் கொடுத்தேன். டாக்டரம்மா மேஜையில் விரித்துவைத்து, குறுக்குக் கோடு போட்ட பிள்ளைகளைப் பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு, வாய்விட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு என்றார். நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். மூணு என்றார். எதிர்க்கட்டிலில் என் மகள் கையில் ஊசியோடு கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நாலு என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் போயிருக்கே என்று அவர் எழுத ஆரம்பித்தார். நான் அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஆடிக்கொண்டுதான் இருந்தன.